வலியின்மைச் சான்றிதழ்

என் அம்மாவுக்கு வலி இல்லை என்று வட்ட முத்திரை போட்ட ஒரு காகிதம் எங்கள் வீட்டில் இருக்கிறது. தடித்த காகிதம், ஓரமெல்லாம் தங்க நிறக் கோடு. "மேற்படி நபரின் இரத்தத்தை முழுமையாகச் சோதித்ததில் அவருக்கு முடக்குவாதமோ, அது சார்ந்த வலியோ, வீக்கமோ இல்லை என இம்மையம் மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது." அது வந்த உறையை அம்மாவால் பிரிக்க முடியவில்லை. விரல்கள் வரவில்லை. நான்தான் பிரித்து வாசித்தேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "மகிழ்ச்சி யாருக்காம்?" என்றாள்.

அம்மாவுக்கு வேலை சட்டை தைக்கும் பட்டறையில், காலர் பிரிவில். தைத்து வரும் காலரை உள்ளிருந்து வெளியே புரட்டி, இரண்டு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் குத்தி இழுத்துக் கூராக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு காலர், பதினேழு வருஷமாக. இந்த ஊரில் பாதி ஆம்பளைகள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடப்பதே அக்கா விரலால்தான் என்று மாமா சொல்வார். மாமா அம்மாவின் தம்பி. டயர் கடையில் வேலை. லாரி டயரை இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்துவிட்டு, அதே கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். அதனால் அவர் முகத்தில் எப்போதும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும்.

ஒரு நாள் காலையில் அம்மா கையிலிருந்து டம்ளர் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் அவள் டம்ளரைத் தொடவில்லை. இரண்டு கைகளிலும் விரல் தொடங்கும் இடத்து முட்டிகள் ஒரே மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டன. ரெண்டு மாசம், "காத்து பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனாள். பிறகு நான் பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பேசுவதற்கு முன்னாலேயே அம்மாவின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முட்டியாக அழுத்தினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினாள்.

"காலையில எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்மா?"

"பத்து மணி பஸ் போறவரைக்கும்."

"இது முடக்குவாதம். உங்க உடம்பே உங்க மூட்டைப் பகையாளியா நினைச்சுத் தாக்குது. நல்ல மாத்திரை இருக்கு. சீக்கிரம், ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா விரல் தப்பிச்சுடும். விட்டா எலும்பை அரிச்சுடும். கோணினது கோணினதுதான், அப்புறம் நிமிர்த்த முடியாது."

"அப்ப எழுதிக் குடுங்க டாக்டரம்மா," என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் எழுதினா எந்தக் கடையிலயும் குடுக்கமாட்டாங்க. இந்த மாத்திரை மூட்டு மையத்து அட்டை இருந்தாத்தான் கிடைக்கும். அங்க போங்க. போய்..." கொஞ்சம் யோசித்தார். "போய், பொறுமையா இருங்க."

இன்னும் நான்கு மாதம் இருந்தது. மையத்தில் பதிவு செய்து முறை வர இரண்டு மாதம் போனது. முறை வந்த அன்று மாமாவும் எங்களோடு வந்தார்.

மூட்டு மையம் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசல் கதவு கனமான இரும்பு. உருண்டையான வழுக்குக் கைப்பிடி, இறுக்கிப் பிடித்துத் திருகித் தள்ள வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் வருகிற இடத்துக்கு ஏன் இப்படி ஒரு கதவு என்று காவலாளியிடம் கேட்டேன். "உண்மையான நோயாளி யாரும் தனியா வரமாட்டாங்க பாரு, அதான்," என்றார்.

உள்ளே பெரிய கூடம். சுவரில் ஆள் உயர எழுத்தில்: இரத்தம் பொய் சொல்லாது. அதன் கீழே இருக்கைகள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு முந்நூறுக்கு மேல் இருப்பவர்களுக்கு முதல் வரிசையில் மெத்தை நாற்காலி, தனி மின்விசிறி. நூறுக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலி. இருபதுக்கு மேல் மரப் பெஞ்சு. இருபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், இன்னும் அளக்காதவர்களுக்கும் சுவரோரம் ஒரு மஞ்சள் கோடு. அதன் மேல் நிற்கலாம். நோய் இல்லாதவர்கள் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார்கள்.

அம்மா கோட்டில் நின்றாள். பக்கத்தில் ஒரு அக்கா, தட்டச்சு வேலை பார்ப்பவர், கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நின்றார். விரல்களால் எதையும் பிடிக்காமல் வாழப் பழகிய ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"புதுசா?" என்றார் அம்மாவிடம். "நான் எட்டு மாசமா நிக்கறேன். எனக்கு முதல்ல ஒன்பது. போன தடவை பதினொண்ணு வந்துச்சு. கொஞ்சம் நம்பிக்கை இருக்கு."

எங்கள் முறை வந்ததும் ரத்தம் எடுக்கும் நர்ஸ் அம்மாவுக்கு ஊசி குத்தினார். பிறகு மாமாவைப் பார்த்து, "கூட வந்தவரா? கையை நீட்டுங்க," என்றார்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர்? நான் பை தூக்க வந்தவன்."

"நோயாளி ரத்தத்தை யாரோட ஒப்பிடறது? நல்லா இருக்கறவங்களோட. விதி அது."

மாமா பெருமையாகக் கையை நீட்டினார். குடும்பத்தில் நல்லா இருப்பவர் என்று அவரை முதல் தடவையாக ஒரு நிறுவனம் சொல்லியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து மறுபடி மையத்துக்குப் போனபோது முடிவு வந்தது. அம்மாவுக்கு ஆறு. மாமாவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

கூடத்துப் பலகையில் மாமா பெயருக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கிருந்தோ இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். "ஆடாதீங்க, ஆடாதீங்க," என்று ஒருவர் மாமாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். கூடத்தில் முதல் வரிசைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். முந்நூற்று நாற்பதோடு அதுவரை முதலிடத்தில் இருந்த ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் நடந்தே வரேங்க," என்றார் மாமா.

"நடப்பீங்க சார், நடப்பீங்க. நம்பிக்கையை விட்டுடாதீங்க," என்றார் தள்ளியவர்.

இயக்குநர் அறையில் மேசை நிறையக் காகிதம். இயக்குநர் தலையைத் தூக்காமல் தாளைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு இளநிலை மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா வலி?"

"வலி இல்லீங்களே சார்."

"மறுக்கிறார்," என்றார் இயக்குநர். இளநிலை எழுதினார். "வீக்கம்?"

"இல்ல சார். லாரி டயர் கழட்டறேன். நேத்துகூட ஒன்பது டயர்."

"கனரகப் பணியால் வலியை உணரும் திறன் போய்விட்டது." அதையும் இளநிலை எழுதினார்.

அம்மா எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள். வீங்கிய முட்டிகள் மேலே தெரியும்படி. இயக்குநர் அந்தக் கைகளுக்கு அடியில் சிக்கிய ஒரு தாளை மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார்.

"அம்மா, நாங்க இங்க கை பார்க்கறதில்ல. கை ஏமாத்தும். வீங்கும், வடியும், ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி இருக்கும். ரத்தம் அப்படி இல்ல. ஒரே எண். உங்க எண் ஆறு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

"கொஞ்சம் தொட்டுப் பாருங்க சார். சுடுது," என்றாள் அம்மா.

"சுடலாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இந்த நோய் இருக்கறவங்கள்ல நாலஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு ரத்தத்துல தெரியாதுன்னு புத்தகத்துல இருக்கு. எண் அதிகமா இருந்தா நோய் வேகமா அரிக்கும்னுதான் அர்த்தம். எண் இல்லன்னா நோயே இல்லன்னு அர்த்தம் இல்ல."

அவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "படிச்ச பொண்ணா?"

"ஆமா."

"வீட்டுல முதல் பட்டமா?"

"ஆமா."

"அதான். முதல் பட்டம் கொஞ்சம் அரிக்கும். பாரும்மா, மத்த இடத்துல எப்படியோ. இங்க பதினோரு வருஷமா முடக்குவாதம்னு பதிவான அத்தனை பேருக்கும் எண் இருபதுக்கு மேல. நூத்துக்கு நூறு. உலகத்துல எங்கயும் இப்படித் துல்லியம் கிடையாது."

"இருபதுக்கு மேல இருந்தாத்தானே சார் நீங்க பதிவே பண்றீங்க?"

"அதான் சொல்றேன். ஒரு தடவைகூட நாங்க தப்பு பண்ணினதில்ல."

"கீழ இருக்கறவங்க யாராவது பின்னால மோசமானாங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல. பதிவேட்டை நீயே பாரு."

"அவங்க பெயர் பதிவேட்டுல இருக்கா?"

இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நோய் இல்லாதவங்க பெயரை நோயாளிப் பதிவேட்டுல எதுக்கும்மா எழுதணும்?"

வெளியே வந்தோம். மாமாவின் மடியில் ஒரு சிவப்பு அட்டை, நாலு வாரத்து மாத்திரை, ஒரு கழுத்துப் பட்டை. அம்மாவின் சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள். அந்த இரும்புக் கதவை மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒற்றைக் கையால் திருகித் திறந்துவிட்டார். காவலாளி பார்த்தார். "கொடுமையான வியாதி," என்றார்.

மறுபரிசீலனை கேட்டு நான் மூன்று மனு எழுதினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு அதே சான்றிதழின் இன்னொரு பிரதி வந்தது. மூன்றாவதற்கு, வலியில்லாத ஒருவரை வலி இருப்பதாகச் சொல்லத் தூண்டுவது குடும்ப நலனுக்கு உகந்ததல்ல என்று எனக்கு அறிவுரை வந்தது. இதற்குள் முதல் டம்ளர் விழுந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. அம்மாவின் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தன. பட்டறையில் அவளைக் காலரிலிருந்து எடுத்து, நூல் பொறுக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அவள் நூல் பொறுக்குவதை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, குழந்தை பந்து பிடிப்பதுபோல ஒரு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மாமா வந்து மாத்திரை அட்டைகளை மேசை மேல் வரிசையாக வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"சாப்பிடுக்கா."

"இது உனக்குக் குடுத்ததுடா."

"எனக்கு என்ன கேடு. குடுத்தவன் என் மூஞ்சியைக்கூடப் பார்க்கல."

"வேற ஏதாவது ஆயிட்டா?"

அம்மா பயந்தது நியாயம். மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் மாத்திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், அம்மாவின் சாய்ந்த விரல்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேட்கல. இதுதான் மருந்து. வாரத்துல ஒரே ஒரு நாள். ஒரே நாள். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. மறுநாள் நான் தர்ற வைட்டமின். மாசா மாசம் ரத்தம் எடுத்து நான் ஈரலைப் பார்ப்பேன், வரலைன்னா வீட்டுக்கு வந்து எடுப்பேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். அவர் விரல்களை அழுத்தினார். மாமா சிரித்தார், கூச்சமாம். "உங்களுக்கு நோய் இல்ல. எண் மட்டும் இருக்கு. பின்னால வரலாம், வராமலும் போகலாம். சிகரெட் உண்டா?"

"ஏதோ. நாளைக்கு ஒரு பாக்கெட்."

"அதை விடுங்க. உங்களுக்கு அதுதான் மருந்து."

அன்றிலிருந்து அம்மா மாத்திரை சாப்பிட்டாள், மாமா நோயாளியாக இருந்தார்.

நோயாளியாக இருப்பது சும்மா இல்லை. வாரம் இரண்டு தடவை மையத்து வண்டி டயர் கடைக்கே வரும். மாமா ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் ஏறி உட்காருவார். முதலாளி, "டேய், மெதுவாப் போயிட்டு வா," என்று கும்பிடுவார். மையத்தில் வலி அளவு கேட்பார்கள், பூஜ்யத்திலிருந்து பத்துவரை. மாமா பூஜ்யம் என்றார். முந்நூறுக்கு மேல் உள்ளவர்களுக்குப் படிவத்தில் ஏழுக்குக் கீழே கட்டமே இல்லை.

"ஏழா, எட்டா சார்?"

"ஏழரை போட்டுக்கோங்க. பொருத்தமா இருக்கும்."

பாடம் படிக்கும் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து மாமாவின் மணிக்கட்டை அழுத்துவார்கள். அவர் சும்மா இருந்ததால் முதல் நாள் குழம்பிப்போனார்கள். பிறகு ஒரு பயிற்சியாளர் வந்து, எந்த இடத்தை அழுத்தும்போது எப்படி முனக வேண்டும் என்று மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமா நன்றாகத் தேறினார். சும்மா சொல்லக்கூடாது, சமையலறையில் அவர் எங்களுக்கு முனகிக் காட்டியபோது அம்மாவே, "எங்கடா வலிக்குது," என்று பதறி எழுந்துவிட்டாள்.

நிஜமாக வலித்தவள் ஒரு நாளும் முனகினதில்லை.

பத்து வாரம் ஆயிற்று. ஒரு காலையில் அம்மா டம்ளரைப் பிடித்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு அதை மேசையில் வைக்காமல், காலி டம்ளரைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்த இரண்டு விரலும் சாய்ந்தேதான் இருந்தன. மற்ற எட்டும் வீக்கம் வடிந்து மடங்கத் தொடங்கியிருந்தன. "மருந்தை நடுவுல நிறுத்தினா திரும்பவும் வந்துடும். மீதியும் போயிடும்," என்று டாக்டரம்மா எச்சரித்தார். அதாவது என் அம்மாவின் எட்டு விரல்கள் மாமாவின் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மையத்தின் ஆண்டுப் பலன் விழா வந்தது.

நோயாளிகளுக்குச் சிகிச்சையால் என்ன பலன் கிடைத்தது என்று அறிவிக்கும் விழா. மாமா அதில் முதன்மை நோயாளி. நானூற்றுப் பன்னிரண்டு இருந்தும் ஒரு விரல்கூடக் கோணாதவர். கூடத்தில் மேடை போட்டு, திரை கட்டி, நாற்காலிகளை எண் வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். மஞ்சள் கோடும் இருந்தது. அம்மாவும் நானும் அதில் நின்றோம். தட்டச்சு அக்காவும் நின்றார். இப்போது அவருடைய இரண்டு மணிக்கட்டும் கட்டையாக விறைத்திருந்தன.

"பன்னெண்டு வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"எட்டுக்கு இறங்கிடுச்சு. குணமாயிட்டு வரீங்கன்னாங்க. நேத்து என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை வாரிவிட்டார்."

இயக்குநர் பேசினார். அவர் பேச்சை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"அன்பர்களே. மற்ற மருத்துவமனைகளில் நோயாளியிடம் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்கிறார்கள். நோயாளிக்கு அது எப்படித் தெரியும்? நாம் கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஒருவர் எண் நாற்பதோடு, நடந்து வந்தார். இந்த ஆண்டு அவர் எண் பதினெட்டு. முழுக் குணம். அவரால் இப்போது நடக்க முடியாது என்பதால் நம் ஊழியர்களே அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவந்தார்கள். அவர் குடும்பத்தார் கண்ணீர் விட்டார்களாம். இதுவல்லவா பலன். இன்னொரு அம்மையார் நலமாக இருக்கிறேன், மாத்திரை வேண்டாம் என்றார். எண் நூற்றுத் தொண்ணூறு. நாங்கள் விடுவோமா? அவர் வீட்டு வாசலில் ஆள் போட்டோம். நோயாளியின் பேச்சைக் கேட்டு நாம் ஒருநாளும் நோயாளியைக் கைவிட்டதில்லை."

கைதட்டினார்கள். முடிந்தவர்கள்.

பிறகு மாமாவை மேடையில் ஏற்றினார்கள். அவர் கையை ஒரு கேமராவின் கீழே வைத்ததும் திரை முழுக்க விரல்கள் தெரிந்தன. தடித்த, நேரான, நகக்கண்ணில் கரி படிந்த விரல்கள். இயக்குநர் தாளைப் பார்த்தபடி சொன்னார்: "ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரோக்கியமான கை வேண்டும். நம் அதிர்ஷ்டம், இவருடைய சொந்த அக்காவே இங்கிருக்கிறார். எண் ஆறு. சான்றிதழ் பெற்றவர். மேடைக்கு வாருங்கள் அம்மா."

நர்ஸ் வந்து கூட்டிப்போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மாவுக்கு எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை. சொன்ன இடத்தில் கையை வைத்தாள். திரையில் இரண்டு கைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன.

கூடத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"இடதுபக்கம் இருப்பது," என்றார் இயக்குநர், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நோயால் தாக்கப்பட்ட கை. வலதுபக்கம் இருப்பது எந்தப் பாதிப்பும் இல்லாத இயல்பான கை. வித்தியாசத்தை நீங்களே காணலாம்."

கண்டார்கள். முதல் வரிசையில் முந்நூற்று நாற்பது பெரியவர் எழுந்து, "இடதுன்னா எங்களுக்கு இடதா, உங்களுக்கு இடதா?" என்று கேட்டார்.

மாமா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தார். "போதும் சார். எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஒரு மாத்திரைகூட முழுங்கல. அத்தனையும் எங்கக்காதான் சாப்பிட்டாங்க. அதனாலதான் அந்தக் கை இவ்வளவாவது இருக்கு. நாலு மாசம் முன்னாடி மேசை மேல வெச்சாங்களே, அப்பப் பார்த்திருந்தா அந்த ரெண்டு விரலும் தப்பிச்சிருக்கும்."

மைக்கை அணைத்தார்கள். திரைச்சீலையை இழுத்தார்கள். மேடையிலேயே, சீலைக்குப் பின்னால், அவசரக் கூட்டம் நடந்தது. நாங்கள் மூன்று பேரும் ஓரமாக நின்றோம். அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா சொன்னே? இனிமே குடுக்கமாட்டாங்கடா," என்று கிசுகிசுத்தாள். மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் கறுப்புப் பட்டையைத் தவிர மற்றதெல்லாம் வெளுத்தது.

இயக்குநர் புள்ளிவிவர அதிகாரியைப் பார்த்தார். "நூறு என்ன ஆகும்?"

"எண் ஆறு இருக்கற அம்மாவுக்கு மருந்து வேலை செஞ்சிருக்குன்னா அவங்களுக்கு நோய் இருந்திருக்கு. அப்ப நூறு, தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டாயிடும் சார்."

இயக்குநர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நிஜமாகவே வலித்தது என்று நினைக்கிறேன்.

"நூறு நூறாவே இருக்கணும்னா?"

அதிகாரி யோசித்தார். "ரத்தம் தப்பா இருக்க முடியாது சார். ஆனா குழாய் மேல ஒட்டற சீட்டு தப்பா இருக்கலாம். நானூத்திப் பன்னெண்டு அந்த அம்மாவோடது, ஆறு இவரோடது. சீட்டு மாறிப்போச்சு. அப்படிப் பார்த்தா எல்லாம் சரியா வருது. நோய் இருக்கறவங்களுக்கு எண் இருக்கு, இல்லாதவருக்கு இல்ல."

மேடை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. "சீட்டை ஒட்டினது யாரு?" என்றார் இயக்குநர்.

நான்தான். அன்று நர்ஸ் இரண்டு சீட்டையும் என் கையில் கொடுத்து, பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். அம்மாவின் ரத்தம் குழாயில் சூடாக இருந்தது. அதில் அம்மா பெயரை எழுதி நான்தான் ஒட்டினேன். ஒருமுறைக்கு இருமுறை பார்த்து ஒட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் ஒரு தாள் தட்டச்சாகி வந்தது. "கவனக்குறைவாலும் அனுபவமின்மையாலும் சீட்டுகளை நான் மாற்றி ஒட்டிவிட்டேன். மையத்தின் இரத்தச் சோதனையில் எந்தப் பிழையும் இல்லை என ஒப்புக்கொள்கிறேன்." கீழே என் பெயருக்கு இடம். பக்கத்தில் அம்மா பெயரில் ஒரு புதுச் சிவப்பு அட்டை, முத்திரை குத்தப்பட்டு, மசி காயாமல்.

"கையெழுத்துப் போட்டா அட்டை உங்களுக்கு," என்றார் இயக்குநர். "படிச்ச பொண்ணு, ரெண்டு சீட்டு ஒட்டத் தெரியல. பரவாயில்ல, மன்னிச்சுட்டோம்."

"சார், நான் சரியாத்தான் ஒட்டினேன். திரும்ப இப்பவே ரத்தம் எடுங்க. ஆறுதான் வரும்."

"அதனாலதான் எடுக்கமாட்டோம்."

அம்மா என் தோளைத் தொட்டாள். "நீ போடாத. நீ பண்ணாத தப்பை நீ எதுக்கு ஒத்துக்கணும்? எனக்கு எட்டு விரல் இல்லாட்டி ஒண்ணும்..." எட்டு விரல் இல்லாவிட்டால் என்னவெல்லாம் இல்லை என்று ஏழு மாசம் அனுபவித்து அவளுக்குத் தெரியும்.

இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் நூறு நூறாகவே இருக்கும், இன்னும் பதினோரு வருஷத்துக்கு. அதுவும் எனக்குத் தெரிந்தது. பேனாவை வாங்கிப் போட்டேன். வீட்டில் முதல் பட்டம் வாங்கியவளின் கையெழுத்து, நன்றாக, படிக்கும்படியாக.

இயக்குநர் தாளை எடுத்துக்கொண்டார். அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரே ஒரு கேள்வி சார்," என்றேன். "அப்ப கோட்டு மேல நிக்கறாங்களே, அவங்க?"

"அவங்க சீட்டெல்லாம் சரியா ஒட்டியிருக்கும்மா," என்றார் அவர். சீலையைத் திறந்துவிட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கினோம். மாமாவின் சக்கர நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, அவருக்கு ஒரு வலியின்மைச் சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள். அம்மாவை முதல் வரிசை மெத்தை நாற்காலிக்கு அழைத்தார்கள். அவள் போகவில்லை. நேராக மஞ்சள் கோட்டுக்கு நடந்தாள். அங்கே எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தட்டச்சு அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் மெதுவாகக் கேட்டார். "அக்கா, உங்க தம்பி இனிமே சும்மாத்தானே இருப்பாரு? அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் கூட வந்தவரா வந்து ரத்தம் குடுப்பாரா?"

"கண்டுபிடிச்சுடுவாங்களேம்மா," என்றாள் அம்மா.

"எப்படிக்கா கண்டுபிடிப்பாங்க," என்றார் மாமா. "பதினோரு வருஷமா யாரு மூஞ்சியைப் பார்த்திருக்காங்க?" அக்காவிடம் திரும்பினார். "வரேம்மா. ஆனா மாத்திரை வாங்கினதும் நேரா எங்க டாக்டரம்மாகிட்ட போயிடணும். வாரத்துக்கு ஒரு நாள்தான். இல்லன்னா அவங்க என்னைத் தோலை உரிச்சுடுவாங்க."

"நான் என்ன உறவுன்னு எழுதறது?"

"தம்பின்னே எழுதுங்க. உண்மையா இருக்கட்டும்."

அக்காவுக்குப் பின்னால் ஒரு அம்மா நகர்ந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு கோடே நகர்ந்து வந்தது. மாமா சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டே ஒவ்வொருவராக எண்ணி முடித்தார்.

"பதினாலு அக்கா," என்றார் அம்மாவிடம். "நம்ம அப்பா இவ்வளவு சுறுசுறுப்பான ஆளுன்னு நமக்குத் தெரியாமப் போச்சே."

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். விரல் முழுதாக மடங்கவில்லை. ஆனாலும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.